ழகரத்தின் வால்

புதுவயல் பள்ளியின் தெற்குச் சுவரில்
இன்னும் இருக்கிறது அது.
நீலப் பெயிண்ட். மில்லின் உமிச்சாம்பல் படிந்து
கொஞ்சம் கறுத்திருக்கிறது.

போதையைத் தொடாதே
வாழ்வை விடாதே

வாசகம் என்னுடையது.
கையெழுத்து அடைக்கலத்துடையது.
இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு
எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு.
மூடி உனக்கு டப்பா எனக்கு என்று
வழியெல்லாம் சிரித்துக்கொண்டு போனோம்.

முதல் வரி நூல் பிடித்த மாதிரி இருக்கும்.
இரண்டாவதில்
ழகரத்தின் வால் நடுங்கியிருக்கும், பாருங்கள்.
சுவர் சொரசொரப்பு என்றார் டிராயிங் சார்.
ஆமா சார் என்றேன் நான்.

அதற்கு முந்தின வாரம்தான்
புரொஜெக்டரோடு வந்திருந்தார்கள்.
கரிந்துபோன நுரையீரல் ஒன்று திரையில் வந்தது.
"ஈரல் வறுவல்டா" என்றான் பின்பெஞ்சில் எவனோ.
ஹாலே சிரித்தது. அடைக்கலமும்தான்.
போதை ஓர் அரக்கன் என்று பேசி முடித்தார் வந்தவர்.

நாங்கள் கொம்பைத் தேடிக்கொண்டிருந்தோம்.
எங்களிடம் வந்தவனுக்குக் கொம்பில்லை.
கபடி மேட்சில் அடைக்கலத்துக்கு முட்டி பிசகிய அன்று
பைக்கில் ஏற்றி வீட்டில் இறக்கிவிட்டவன் அவன்.
பரோட்டாவுக்கு எங்களிடம் காசு கேட்காதவன்.
பேர் கேட்டால் "அண்ணன்னு கூப்பிடு, போதும்" என்பான்.
வலிக்கு ஒரு மாத்திரை கொடுத்தான்.
வலி போனது.

இதை மட்டும் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை:
முதல் தடவை
அது சொன்னபடி கேட்கும்.

கண்டனூர்ப் பக்கம் பூட்டிக் கிடக்கும் வீடு ஒன்று.
படைப்புக்கு வருஷத்தில் ஒருநாள் திறப்பார்கள்.
மற்ற நாளில் இரண்டாம் கட்டுப் பின்கதவு
தோளால் தள்ளினால் திறக்கும்.
நான் உள்ளே போனதில்லை.
வெளியே நிற்பேன், ஆள் வருகிறதா என்று பார்க்க.
அதற்கு நட்பு என்று பெயர் வைத்திருந்தேன்.

கபடி நின்றது. சைக்கிள் விலைபோனது.
அவன் அக்காவின் கொலுசு ஒற்றையாய்க் கிடந்தது.
ஒருநாள் என் பையில் டிபன் பாக்ஸைக் காணோம்.
கேட்டேன்.
நேராக என் முகத்தைப் பார்த்து
"எந்த டிபன் பாக்ஸ்?" என்றான்.

கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றார்கள் அன்றைக்கு.
எனக்கு ஒன்று இருந்தது.
நான் சொன்னால் அவனை எங்கே கொண்டுபோவீர்கள்,
ஆஸ்பத்திரிக்கா, ஸ்டேஷனுக்கா?
முந்நூறு பேர் நடுவில்
கேட்பதே சொல்வதாகிவிடும்.
சந்தேகம் இல்லை சார் என்று
எல்லோரோடும் சேர்ந்து கத்தினேன்.

மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம்.
உள்ளேயிருந்து மூன்று பேர் ஓடி வந்தார்கள்.
அவன் வரவில்லை.
முதலில் கிளம்பியது அந்த பைக்.
நானும் ஓடினேன், மறைக்க ஒன்றுமில்லை,
தெருமுனைக் குழாயடி வரைக்கும்.
அங்கே நின்று
மூச்சு வாங்கினேன்.
அவனுக்கு மூச்சு வருகிறதா என்று
அப்போதுதான் தோன்றியது.

திரும்பினேன். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது.
108-க்கு அடித்தேன்.
என்ன சாப்பிட்டான் என்று கேட்டார்கள், சொன்னேன்.
அவன் பேரைச் சொன்னேன். வயது பதினாறு என்றேன்.
கேட்காமலே என் பேரையும் சொன்னேன்.

மில்லிலிருந்து அவன் அம்மா
தலைமுடியெல்லாம் தவிட்டோடு வந்தாள்.
"எத்தனை நாளா ஒனக்குத் தெரியும்?"
எட்டு மாசம் என்றேன்.
அறைந்தாள்.
பிறகு அதே கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு
வராண்டாவில் உட்கார்ந்துவிட்டாள்.
விடியும் வரை அந்தப் பிடியை விடவில்லை.

இப்போது காரைக்குடியில்
ஒரு பிளெக்ஸ் கடையில் வேலை பார்க்கிறான்.
மாதம் ஒருமுறை மதுரைக்குப் போய்
மருந்தும் பேச்சுமாய்த் திரும்பி வருகிறான்.
நடுவில் ஒரு தடவை சறுக்கினான் என்றும் கேள்வி.
பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தால்
செல்போனைப் பார்ப்பான்.
காட்டிக்கொடுத்தவன் என்று ஒருமுறை சொன்னான்.
அதற்கப்புறம்
என்னோடு பேசாமல் இருக்கிறான்.

இருக்கிறான்.